டொலமைட் வாங்குவதற்கு முன்: வன்னி மண்ணில் பசளைக் காசு எங்கே போகிறது?

காலபோகம் நெருங்கும்போது வன்னியில் கமக்காரர் வீடுகளில் ஒரே கணக்குத்தான் ஓடும். ஏக்கருக்கு எத்தனை அந்தர் (50 கிலோ) யூரியா, அடிக்கட்டுக்கு, அதாவது விதைப்போடு, பொஸ்பரஸ் பசளையான ரி.எஸ்.பி. போடுவதா விடுவதா, கைக்காசு எவ்வளவு, கடன் எவ்வளவு. இந்தப் பட்டியலில், மண்ணின் அமிலத்தைத் தணிக்கும் கல்தூளான டொலமைட்டையும் சேர்க்க வேண்டுமா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். "மண்ணில் அமிலம் கூடிவிட்டது, டொலமைட் போடாமல் பசளை போட்டால் பாதி வீண்" என்ற பேச்சு சில காணிகளுக்கு முற்றிலும் சரி. வேறு சில காணிகளுக்கு முற்றிலும் பிழை. எந்தக் காணி எந்த வகை என்று பார்க்காமல் எட்டு அந்தரை லொறியில் ஏற்றி வரச் சொல்வது, ஏற்கெனவே கடனில் நிற்கும் ஒரு குடும்பத்துக்கு யாரும் கொடுக்கக் கூடாத ஆலோசனை.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை தளர்ந்தபோது காலபோகம் பாதி வழியில் நின்றது. அடுத்த ஆண்டு யூரியா கிடைத்தபோதும் அதன் விலை பல மடங்காகியிருந்தது. அதன் பிறகு எந்த வீட்டிலும் பசளையை அள்ளி வீசும் பழக்கம் இல்லை. இட்ட பசளையில் பயிருக்குப் போனது எவ்வளவு, வீணானது எவ்வளவு என்ற கேள்விக்கு அதனால்தான் இன்று இத்தனை எடை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் காணி எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது என்று முதலில் பாருங்கள். குளத்து நீர் பாயும் நெல்வயலுக்கு, அமிலத்தைக் குறைப்பதற்கென்று டொலமைட் வாங்குவது பெரும்பாலும் தேவையற்ற செலவு. மழையை மட்டும் நம்பியிருக்கும் மணற்பாங்கான மேட்டுக்காணிக்கு, மண் பரிசோதனையும் அப்படிச் சொன்னால், அதைவிட நல்ல முதலீடு வேறில்லை. கிணற்று நீர் இறைக்கும் தோட்டத்துக்கு அனேகமாக வேண்டாம். மன்னார் முருங்கன் கறுப்புக் களிமண்ணுக்கு வேண்டவே வேண்டாம்.

ஓர் அட்டவணையும் அதன் குறையும்

பாதி வீண் என்ற பேச்சுக்குப் பின்னால் பலமுறை படியெடுக்கப்பட்ட ஓர் அட்டவணை இருக்கிறது. அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். பெறுமானம் (7 நடுநிலை, குறையக் குறைய அமிலம்) 5.0 ஆக உள்ள மண்ணில் இடும் நைதரசனில் 53 சதவீதம், பொஸ்பரசில் 34 சதவீதம், பொட்டாசியத்தில் 52 சதவீதம் மட்டுமே பயிருக்குப் பயன்படும் என்றும், 7.0 ஆனால் மூன்றுமே 100 சதவீதம் என்றும் அது சொல்கிறது. எண்கள் இவ்வளவு துல்லியமாக இருப்பதால் நம்பத் தோன்றும். ஆனால் அந்த 100 சதவீதம் எந்த வயலிலும் கிடைப்பதில்லை. மண் நடுநிலையாக இருந்தாலும், தண்ணீர் நிற்கும் நெல்வயலில் வீசும் யூரியாவின் நைதரசனில் வழக்கமாக 30 முதல் 40 சதவீதம்தான் பயிருக்குள் போகிறது. பொஸ்பரசில் முதற் போகத்தில் பயிர் எடுப்பது 10 முதல் 25 சதவீதம். ஆகவே அட்டவணை காட்டும் திசையை ஏற்றுக்கொள்ளலாம். அதன் எண்களை வைத்துக் கணக்குப் போட்டு, டொலமைட் போட்டால் யூரியாவைப் பாதியாகக் குறைக்கலாம் என்று முடிவெடுக்கக் கூடாது.

அந்த அட்டவணையில் எனக்குள்ள பெரிய மனக்குறை வேறு. அமிலம் மூன்று சத்துகளையும் ஒரே விதமாகக் கெடுப்பது போல அது காட்டுகிறது. உண்மையில் மூன்றும் மூன்று வழியில் வீணாகின்றன. அதனால் மூன்றுக்கும் பரிகாரம் வேறு வேறு.

மிகவும் அடிபடுவது பொஸ்பரஸ். பி.எச். 5.5க்குக் கீழே இறங்க இறங்க மண்ணிலிருந்து அலுமினியம் கரையத் தொடங்குகிறது. அதுவும் இரும்பும் சேர்ந்து, இட்ட ரி.எஸ்.பி.யில் உள்ள பொஸ்பேட்டைப் பிடித்துக்கொள்கின்றன. 7.5க்கு மேலே போனால் அதே வேலையைக் கல்சியம் செய்கிறது. 6க்கும் 7க்கும் இடையில்தான் பொஸ்பரசுக்குக் கொஞ்சம் விடுதலை. பிடிபட்ட பொஸ்பரஸ் காணியை விட்டுப் போய்விடுவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அது மண்ணிலேயே தங்கி, மெதுவாக வெளிவரும். பல ஆண்டுகள் ரி.எஸ்.பி. போட்ட காணியில் அப்படிச் சேர்ந்த இருப்பு கணிசமாக இருக்கும்.

பொட்டாசியத்தை அமிலம் பிடித்து வைப்பதில்லை. தங்க விடாமல் விரட்டுகிறது. மணற்பாங்கான மண்ணில் சத்தைப் பற்றி வைக்கும் களித்துகள்களும் உக்கலும் ஏற்கெனவே குறைவு. அந்தக் குறைந்த இடங்களையும் ஐதரசனும் அலுமினியமும் நிரப்பிவிட்டால், பொட்டாசியப் பசளையான எம்.ஓ.பி. போட்ட மறுவாரம் பெய்யும் மழை அதைக் கீழே கழுவிக்கொண்டு போய்விடும். நைதரசனின் கதை நுண்ணுயிர்களின் கதை. அமில மண்ணில் அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றும் பற்றீரியாக்கள் மந்தமாகின்றன. உழுந்து, பயறு, கௌபி, கச்சான் வேர்களில் முடிச்சுப் போட்டு, காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தரும் றைசோபியம் பற்றீரியாக்கள் குறைகின்றன. அந்த முடிச்சுகள் வேலை செய்வதற்குத் தேவையான மொலிப்தனம் என்ற நுண்சத்தும் அமிலத்தில் கிடைக்காமல் போகிறது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக வேர். கரைந்த அலுமினியம் வேர்நுனியைத் தாக்குகிறது. அமிலம் மிகுந்த காணியில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால், வேர் நீளாமல், குட்டையாக, தடித்து, நுனி பழுப்பேறி, பக்க வேர்கள் அரிதாக இருக்கும். பரவாத வேர் எந்தப் பசளையையும் எட்டிப் பிடிக்காது. இந்த வேரைக் கண்ட பின் மேற்கட்டாக, அதாவது பயிர் வளரும்போது, இன்னொரு அந்தர் யூரியா போடுவதில் பயனில்லை.

அந்த யூரியாவே அமிலத்தைக் கூட்டும் என்பதும் கணக்கில் வரவேண்டும். ஓர் அந்தர், அதாவது 50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. அது மண்ணில் நைத்திரேற்றாக மாறும்போது உண்டாகும் அமிலத்தைத் தணிக்க, கணக்குப்படி, ஏறத்தாழ 41 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல் தூள் தேவை. பயிர் நைத்திரேற்றை உறிஞ்சும்போது அமிலத்தில் ஒரு பகுதி ஈடாகிவிடும் என்பதையும் சேர்த்துப் போட்ட கணக்கு இது. அமோனியம் சல்பேற்று இன்னும் கடுமையானது. ஒரே அளவு நைதரசனுக்கு யூரியாவைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அமிலம் தரும்.

குளத்து நீர், மழை நீர், கிணற்று நீர்

வன்னி முழுவதும் ஒரே மண் இல்லை. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவின் உட்பகுதிகளில் பரந்து கிடப்பது செங்கபில மண். உலர் வலயத்தின் இந்த மண்ணில் பி.எச். இயல்பாகவே 6க்கும் 7க்கும் இடையில் நிற்கும். அதன் தாழ்ந்த ஓரங்களில், குளங்களின் கீழ், நெல் விளையும் ஈர மண். கரையை அண்டி மணலும் மணல் கலந்த செம்மண்ணும். மன்னாரில் முருங்கனைச் சுற்றி, கோடையில் பிளந்து நிற்கும் கறுப்புக் களி. ஆகவே மலையகத் தேயிலைக்குச் சொன்ன டொலமைட் ஆலோசனையை அப்படியே வன்னிக்குக் கொண்டுவருவது பொருந்தாது. தேயிலை நிலங்களின் பி.எச். 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்கும். பெரும்பாலும் ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் சரிவுகள் அவை. இங்கே பெய்வது சுமார் 1,250 மில்லிமீற்றர், அதுவும் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்.

முதலில் குளத்து வயல். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் கீழ் தண்ணீர் கட்டிச் செய்யும் நெல்லுக்கு ஒரு பெரும் சலுகை இருக்கிறது. மண்ணில் தண்ணீர் நின்று காற்று வெளியேறியதும், மண்ணிலுள்ள இரும்பு வேதிமாற்றம் அடைகிறது. அந்த மாற்றம் அமிலத்தை உறிஞ்சிக்கொள்கிறது. சில வாரங்களில் அமில மண்ணின் பி.எச். உயர்ந்தும், கார மண்ணின் பி.எச். தாழ்ந்தும், இரண்டும் 6.5, 7 அளவில் வந்து சேர்கின்றன. இரும்பு பிடித்து வைத்திருந்த பொஸ்பரசும் அப்போது கொஞ்சம் விடுபடுகிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகத்தில் இதை நுணுகி ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் ஓர் இலங்கையர், மண் விஞ்ஞானி எவ். என். பொன்னம்பெரும. அவர் கண்டதை நம் வயலுக்குப் பொருத்தினால், ஓகஸ்ட் மாதத்துக் காய்ந்த மண்ணில் 5.6 என்று அளந்த வயலுக்கு டொலமைட் தேவையில்லை. தண்ணீர் கட்டும் வேலையே அதைச் செய்துவிடும்.

மானாவாரி வயல் இதிலிருந்து சற்று வேறு. புழுதி விதைப்புச் செய்து மழைக்குக் காத்திருக்கும் காணியில் முதற் சில வாரங்கள் தண்ணீர் நிற்பதில்லை. இளநாற்று உண்மையான பி.எச்.ஐயே எதிர்கொள்கிறது. ஆனாலும் நெல் அமிலத்தை ஓரளவு தாங்கும் பயிர். 5க்குக் கீழே போயிருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

அடுத்து மழையை நம்பிய மேட்டுக்காணி. அமிலப் பிரச்சினை வன்னியில் நிசமாக உள்ள இடம் இதுதான். நாலு மாதத்தில் கொட்டித் தீர்க்கும் வடகீழ்ப் பருவமழை, மணலிலிருந்து கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக் கொண்டு போகிறது. விளைச்சலோடும் கொஞ்சம் போகிறது. கச்சானைப் பிடுங்கும்போது கொடியோடு முழுச் செடியையும் மாட்டுக்கு எடுத்துச் சென்றால் இன்னும் வேகமாகப் போகும். காடு வெட்டி எரித்த காணி முதலிரண்டு போகம் செழிப்பாகத் தருவதற்குச் சாம்பலின் காரத்தன்மையும் ஒரு காரணம்; சாம்பல் கரைந்து முடிந்ததும் மண் பழைய நிலைக்கு இறங்குகிறது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு பற்றை வெட்டித் திருத்திய காணிகள் பலவற்றில், "முதல் இருந்த விளைச்சல் இப்போது இல்லை" என்ற குறையைக் கேட்கும்போது இதையும் நினைவில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கிணற்று நீர் இறைக்கும் மிளகாய், வெங்காயம், பப்பாசித் தோட்டங்கள். உங்கள் வீட்டுக் கேத்தலைத் திறந்து அடியைப் பாருங்கள். வெள்ளையாக, சுரண்டினால் செதில் செதிலாகப் பெயரும் படிவு இருக்கிறதா? அது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. டொலமைட்டில் ஏறத்தாழப் பாதி அதுதான். தண்ணீரில் அது லீற்றருக்கு 300 மில்லிகிராம் அளவில் கரைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோடையில் 500 மில்லிமீற்றர் ஆழத்துக்குச் சமமாக இறைத்தால், ஓர் ஏக்கருக்கு 600 கிலோ, அதாவது பன்னிரண்டு அந்தர் சுண்ணாம்பு கிணற்றிலிருந்தே வந்து விழுகிறது. அந்தத் தோட்டத்துக்கு மேலும் டொலமைட் போட்டால் பி.எச். 7.5ஐத் தாண்டி, நாகம் (துத்தநாகம்), இரும்பு, மங்கனீசு, போரன் எல்லாம் கட்டுப்பட்டு, இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மஞ்சளாகிவிடும். பிறகு அதற்கு இலைப்பசளை வாங்கித் தெளிக்கும் செலவு. காசு கொடுத்து நோயை வாங்குவது என்பது இதுதான்.

கையிலுள்ள வழிகள்

இனி, பரிசோதனையில் 5.5க்குக் கீழே வந்த ஒரு மேட்டுக்காணியை வைத்துக்கொண்டு வழிகளை ஒப்பிடுவோம். புதுக்குடியிருப்புப் பக்கத்து மணல் கலந்த செம்மண், கச்சான் போடப் போகிறீர்கள் என்று கொள்ளுங்கள்.

டொலமைட் கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த காபனேற்றுக் கல்லின் தூள். மாத்தளை, திகன பக்கத்திலிருந்து வருகிறது. சுத்தமானதாக இருந்தால் அதே எடைச் சுண்ணாம்புக்கல்லைவிட அமிலத்தைத் தணிக்கும் ஆற்றல் ஒன்பது சதவீதம் அதிகம். கரைவது மட்டும் மெதுவாக. மணல் மண்ணுக்கு மக்னீசியமும் குறைவாகவே இருக்கும் என்பதால் இது இரட்டை நன்மை. மணல் மண்ணில் பி.எச்.ஐ ஓர் அலகு உயர்த்த ஹெக்டேயருக்கு ஒரு தொன் அளவு, அதாவது ஏக்கருக்கு எட்டு அந்தர் போதுமானதாக இருக்கும். களிமண் என்றால் இதன் இரண்டு, மூன்று மடங்கு தேவைப்படும். மணலில் அளவு மீறுவதும் எளிது. எட்டு நல்லது என்றால் பதினாறு இன்னும் நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது. வாங்கும்போது தூளை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். மாவாக இருக்க வேண்டும். சீனி போல நறநறத்தால், அந்தப் பருமணிகள் பல போகங்களுக்குக் கரையாமல் மண்ணிலேயே கிடக்கும். விலையைவிட லொறிக் கூலி கூடிவிடும் இடங்களில், நாலைந்து அயல் காணிக்காரர் சேர்ந்து, கமக்கார அமைப்பின் மூலம் ஒரே லொறியாக எடுப்பதுதான் கட்டுப்படியாகும்.

ஜிப்சம் பற்றிக் கச்சான் செய்கையாளர்கள் அடிக்கடி கேட்பார்கள். இரண்டும் வெள்ளைத் தூள், இரண்டிலும் கல்சியம் இருக்கிறது என்பதால் ஒன்றுக்கு மற்றது மாற்று என்ற எண்ணம் இருக்கிறது. ஜிப்சம் கல்சியம் சல்பேற்று, அது பி.எச்.ஐ உயர்த்தாது. ஆனால் கச்சானுக்கு அது செய்யும் நன்மையை டொலமைட் அவ்வளவு விரைவாகச் செய்யாது. கச்சான் காய் தனக்கு வேண்டிய கல்சியத்தை வேரிலிருந்து பெறுவதில்லை. மண்ணுக்குள் இறங்கிய காயே தன் தோலால் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராக உறிஞ்சுகிறது. மேல் மண்ணில் கல்சியம் இல்லாவிட்டால், செடி பசுமையாகச் செழித்து நிற்கும். பிடுங்கினால் காய்களும் நிறையத் தொங்கும். உடைத்தால் உள்ளே பருப்பிருக்காது, அல்லது சுருங்கி ஒரு மூலையில் ஒட்டியிருக்கும். வெறுங்கோது அள்ளும் காணிக்கு இன்னொரு அந்தர் யூரியா போடுவது பச்சையைத்தான் கூட்டும். ஆகவே பி.எச். 6க்கு மேல் இருந்தும் கோது வெறுமையாக இருந்தால் ஜிப்சம், பூக்கும் வேளையில் செடியடியில். பி.எச். 5.5க்குக் கீழே இருந்தால் டொலமைட், விதைப்புக்கு மிக முன்பே. இரண்டுக்கும் இடைப்பட்டதென்றால் அந்தப் போகத்துக்கு நான் ஜிப்சத்தைத்தான் தேர்வேன். அதன் பலன் அதே போகத்தில் கைக்கு வரும்.

பசளையின் வகையை மாற்றுவது மூன்றாவது வழி. இதில் பலர் முதலில் கேட்பது எப்பாவல அப்பற்றைட். 1971இல் அனுராதபுர மாவட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்ட இந்தப் பொஸ்பேட்டுப் பாறை நமக்கு அருகிலேயே இருக்கிறது, ரி.எஸ்.பி.யைவிட மலிவு. மொத்தப் பொஸ்பேட்டு அளவும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதில் உடனே கரையக்கூடிய பங்கு சிறியது. மீதியைக் கரைக்க அமில மண்ணும் நிறைய ஈரமும் நீண்ட காலமும் வேண்டும். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அது பொருந்துகிறது. மூன்றரை மாதத்தில் அறுவடையாகும் கச்சானுக்கோ நெல்லுக்கோ, நடுநிலைக்கு அண்மித்த வன்னி மண்ணில், அந்தப் போகத்துக்கு அது பெரிதாக உதவாது. அமில மேட்டுக்காணியில் தென்னங்கன்று, மரமுந்திரிகை வைப்பவர்கள் குழிக்கு இடலாம். மற்றவர்கள் மலிவைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

அதைவிட ரி.எஸ்.பி.யை இடும் விதத்தை மாற்றுவது எவ்வளவோ மேல், செலவும் இல்லை. காணி முழுவதும் வீசினால் ஒவ்வொரு மணியும் முழு மண்ணோடும் சந்தித்துப் பிடிபடும். விதை வரிசைக்கு இரண்டு விரற்கடை தள்ளி, சற்று ஆழமாகக் கோடு கீறி இட்டால், அதே பசளை குறைந்த மண்ணோடுதான் சேரும். வேரும் அருகிலேயே இருக்கும். உக்கிய எருவோடு கலந்து இட்டால் இன்னும் நல்லது. எருவிலுள்ள அங்கக அமிலங்கள் அலுமினியத்தையும் இரும்பையும் பிடித்து, பொஸ்பேட்டுக்கு வழிவிடும். எம்.ஓ.பி.யையும் யூரியாவையும் மணலில் ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து இட வேண்டும்.

நான்காவது வழி எரு, வைக்கோல், பச்சிலை, உமிக்கரி. வன்னியில் மாடு இருக்கிறது. கோடையில் காணியில் பட்டி கட்டும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் உயிரோடு இருக்கிறது. காவிளாயும் கிளிசரிடியாவும் வேலியோரம் கிடைக்கின்றன. இவை பி.எச்.ஐ வேகமாக உயர்த்தா. டொலமைட்டுக்கு நிகர் என்று சொல்வதும் சரியல்ல. ஆனால் மணல் மண்ணுக்குப் பற்றும் ஆற்றலைக் கூட்டுவதில் இவற்றுக்கு நிகர் டொலமைட்டும் இல்லை. வீட்டுச் சாம்பலும் உமிச்சாம்பலும் காரத்தன்மை உடையவை. வீட்டுத் தோட்டத்துக்கு அதுவே போதும், ஏக்கர் கணக்குக்குக் காணாது.

வைக்கோலைப் பற்றி ஒரு சொல். நெல் மண்ணிலிருந்து எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பங்கு நெல்மணியில் இல்லை, வைக்கோலில் இருக்கிறது. ஒரு தொன் வைக்கோலில் 12 முதல் 17 கிலோ வரை பொட்டாசியம்; எம்.ஓ.பி. கணக்கில் குறைந்தது ஏறத்தாழ அரை அந்தர். சூடடித்த இடத்தில் குவித்து எரித்தால் நைதரசனும் கந்தகமும் புகையாகப் போக, பொட்டாசியத்தின் பெரும்பகுதி அந்த ஒரு வட்டத்துக்குள் சாம்பலாகக் கிடக்கும். அறுவடை இயந்திரம் பரப்பிவிட்டுப் போன வைக்கோலை அப்படியே விட்டு, முதல் உழவோடு மண்ணுக்குள் தாழ்ப்பது, நெல்வயலில் டொலமைட்டைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது உக்கும்போது தண்ணீர் கட்டிய மண்ணின் பி.எச். நடுநிலைக்கு வருவதையும் விரைவுபடுத்தும்.

நெல்வயலில் யூரியா வீணாவது அமிலத்தால் அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நண்பகல் வெயிலில் பாசி படர்ந்த தண்ணீரின் பி.எச். 9 வரை ஏறும். அந்தத் தண்ணீரில் வீசிய யூரியா அமோனியாவாகி ஆவியாகிறது. தண்ணீரை வடித்து, சேறாக இருக்கும்போது வீசி, ஓரிரு நாளில் மீண்டும் தண்ணீர் கட்டினால் அந்த இழப்பு வெகுவாகக் குறையும். டொலமைட் இட்ட காணியிலும் இதே எச்சரிக்கை: இட்டவுடன் மேலே யூரியாவோ அமோனியம் சல்பேற்றோ போடக் கூடாது. இரண்டு மூன்று வாரம் இடைவெளி வேண்டும்.

முருங்கனும் பூநகரியும்

கட்டுக்கரைக்குளத்தின் கீழ் முருங்கன் கறுப்புக் களிமண் செய்பவர்களுக்கு மேலே சொன்ன எல்லாம் தலைகீழ். அந்த மண்ணில் சுண்ணாம்பு ஏற்கெனவே மணிமணியாகக் கலந்திருக்கிறது, பி.எச். 7.5க்கு மேல். அங்கே வீசும் யூரியா ஆவியாகும் அபாயம் அதிகம், பொஸ்பரசைக் கல்சியம் பிடிக்கும், நெற்பயிருக்கு நாகம் கிடைக்காமல் இலையில் துருப்புள்ளி விழும். அந்த மண்ணுக்குப் பொருந்தும் செலவு நாக சல்பேற்றும், கிடைத்தால் யூரியாவின் ஒரு பங்குக்குப் பதிலாக அமோனியம் சல்பேற்றும். வேறிடத்தில் குறையாகச் சொன்ன அதன் அமிலம் இங்கே நன்மை.

பூநகரியின் உவர் காணிகளை அமிலத்தோடு குழப்பக் கூடாது. உவருக்கு டொலமைட் மருந்தல்ல. மழைநீரைக் கட்டி வடித்து உப்பைக் கழுவுவதும், மொட்டைக்கறுப்பன் போன்ற தாங்கும் நெல்லும்தான் அங்கே வழி. சோடியம் மிகுந்து மண் இறுகிய இடங்களில் மட்டும் ஜிப்சம் உதவும், அதுவும் வடிகால் இருந்தால்.

அளந்த பிறகே வாங்குங்கள்

மண் பரிசோதனைக்கு உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்திலோ விவசாயப் போதனாசிரியரிடமோ கேளுங்கள். மாதிரி எடுப்பதில் கவனம் பிசகினால் முடிவு பயனற்றது. காணியில் வளைந்து வளைந்து நடந்து, பத்துப் பதினைந்து இடங்களில், மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, மண்வெட்டியால் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டுங்கள். வெட்டிய சுவரிலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரு விரல் தடிப்பில் சீவி எடுங்கள். எரு குவித்த இடம், எரித்த இடம், வரம்போரம், மாடு கட்டிய இடம் வேண்டாம். எல்லாவற்றையும் துப்புரவான பிளாஸ்ரிக் வாளியில் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டை நீக்கி, மீண்டும் அப்படியே செய்து அரைக் கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்துங்கள். பழைய பசளைப் பையில் மட்டும் மண்ணைப் போடாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் சில மணிகளே முழு முடிவையும் பிழையாக்கிவிடும். மேட்டுக்காணிக்கும் வயலுக்கும் தனித்தனி மாதிரி. இரண்டையும் கலந்த ஒரு சராசரி எதற்கும் உதவாது. முடிவைப் படிக்கும்போது, 5.0 என்பது 6.0ஐவிடப் பத்து மடங்கு அமிலம் என்பதையும் நினைவில் வையுங்கள். எண்ணில் சிறிதாகத் தெரியும் அரை அலகு வேருக்குப் பெரிது.

டொலமைட் தேவை என்று வந்தால், காலபோக விதைப்புக்கு முதல்நாள் வீசுவதில் பயனில்லை. அது கரைய ஈரம் வேண்டும். மண்ணோடு கலக்க உழவு வேண்டும். வேலை காட்ட இரண்டு மூன்று மாதம் வேண்டும். ஓகஸ்ட், செப்டெம்பர் புழுதியில் கிடக்கும் தூள் அப்படியே கிடக்கும், காற்றோடு கொஞ்சம் போகும். மேட்டுக்காணிக்கு உகந்த காலம் அறுவடை முடிந்து ஈரம் காயுமுன், அல்லது சித்திரை மழையோடு. அப்போது இட்டு உழுதுவிட்டால், ஒக்டோபர் விதைப்புக்குள் ஓரளவு வேலை முடிந்திருக்கும்.

முதல் ஆண்டிலேயே முழுக் காணிக்கும் இடவும் வேண்டாம். ஓர் ஏக்கரில் பாதிக்கு இட்டு, எல்லையில் கட்டை அடித்து வையுங்கள். விதையும் பசளையும் நாளும் இரண்டு பாதிக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். பூக்கும் பருவத்தில் இரு பக்கத்திலும் நாலைந்து செடிகளை மண்ணோடு கிண்டி எடுத்து, வேரின் நீளத்தையும் முடிச்சுகளையும் ஒப்பிடுங்கள். நல்ல முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் அது வேலை செய்யவில்லை. அறுவடையில் இரண்டு பாதியையும் தனித்தனியாக நிறுத்து, உடைத்த பருப்பின் எடையையும் எழுதி வையுங்கள். டொலமைட்டின் பயன் இரண்டு மூன்று ஆண்டு நீடிக்கும் என்பதால், அந்தக் கட்டைகளை அடுத்த காலபோகத்திலும் பிடுங்காமல் விடுங்கள்.